ஒரு தேர்தல், இரண்டு அதிபர்கள்: ஐவரி கோஸ்ட் தரும் பாடம்

அதிபர் தேர்தல் நெருங்கும் நாடுகளில், "இவர் வந்தால் நாடு அழியும், அவர் வந்தால் நாடு உடையும்" என்ற பேச்சு எழுவது வழக்கம். பெரும்பாலான நாடுகளில் வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் அந்த அச்சம் அடங்கிவிடும். மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டில் 2010ஆம் ஆண்டு அது அடங்கவில்லை. சுமார் 3,000 உயிர்கள் பலியாயின. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழும் அந்நாட்டில் என்ன நடந்தது என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

வளமும் விரிசலும்

1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற ஐவரி கோஸ்ட், உலகிலேயே மிக அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடு. முதல் அதிபர் ஊஃபுவே புவானி 33 ஆண்டுகள் ஆட்சி செய்தார். புர்கினா பாசோ, மாலி போன்ற அண்டை நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் தோட்ட வேலைக்காக வந்து குடியேறினர். 1998ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நான்கில் ஒருவர் வெளிநாட்டவர் எனப் பதிவானது. நாட்டின் வடபகுதியில் முஸ்லிம்கள் அதிகம். அவர்களுடைய பெயர்களும் மொழியும் எல்லைக்கு அப்பால் உள்ளவர்களின் பெயர்களையும் மொழியையும் ஒத்தவை.

கொக்கோ விலை வீழ்ந்து வறுமை தலைகாட்டிய நேரத்தில், 1993 டிசம்பரில் ஊஃபுவே புவானி இறந்தார். அடுத்து வந்த அதிபர் கொனான் பெடியே, 'உண்மையான ஐவரி கோஸ்ட்காரர் யார்?' என்ற கேள்வியை அரசியலாக்கினார். பெற்றோர் இருவரும் பிறப்பால் அந்நாட்டவராக இருந்தால்தான் அதிபர் தேர்தலில் போட்டியிட முடியும் என்று சட்டம் வந்தது. வடக்கைச் சேர்ந்த முஸ்லிமான அலசான் வத்தாராவைத் தடுப்பதே அதன் நோக்கம் என்பதை எல்லோரும் அறிவர். அவர் 1990 முதல் 1993 வரை அதே நாட்டின் பிரதமராக இருந்தவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாட்டை நிர்வகிக்கத் தகுதி பெற்றவர், வாக்குக் கேட்கும் நேரத்தில் அந்நியர் ஆக்கப்பட்டார்.

அவருக்கு மூடிய கதவு வடக்கின் சாமானிய மக்களுக்கும் மூடியது. பெயரைப் பார்த்தே சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைப் பறித்தார்கள், கிழித்தார்கள். 1999இல் இராணுவப் புரட்சி நடந்தது. 2000ஆம் ஆண்டுத் தேர்தலிலும் வத்தாராவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. லாரன் பாக்போ அதிபரானார். 2002 செப்டம்பர் 19 அன்று ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. நாடு வடக்கு, தெற்கு என இரண்டானது. இடையே பிரெஞ்சுப் படையும் ஐ.நா. படையும் நின்றன.

இரண்டு முடிவுகள்

2005இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் பலமுறை தள்ளிப்போய், 2010இல் நடந்தது. இம்முறை வத்தாரா போட்டியிட முடிந்தது. நவம்பர் 28 அன்று அவருக்கும் பாக்போவுக்கும் இடையே இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு முடிந்தது. முடிவை வாசிக்க வந்த தேர்தல் ஆணையப் பேச்சாளரின் கையிலிருந்த தாள்களைப் பாக்போ தரப்பினர் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்பாகவே பறித்துக் கிழித்தனர்.

டிசம்பர் 2 அன்று, வத்தாரா 54.1 விழுக்காடு பெற்று வென்றதாக ஆணையம் அறிவித்தது. மறுநாளே அரசியலமைப்பு மன்றம், வடக்கின் பல மாவட்ட வாக்குகளை ரத்து செய்து, பாக்போ 51.45 விழுக்காடு பெற்றதாக அறிவித்தது. ஐ.நா. வத்தாராவின் வெற்றியை உறுதி செய்தது. டிசம்பர் 4 அன்று இருவருமே அதிபராக உறுதிமொழி எடுத்துக்கொண்டனர்.

பிறகு நடந்தவை துயரமானவை. 2011 மார்ச் 3 அன்று அபிஜான் நகரின் அபோபோ பகுதியில், பாக்போ விலக வேண்டும் எனக் கோரிப் பேரணி சென்ற பெண்கள் ஏழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன, இமாம்கள் கொல்லப்பட்டனர். மார்ச் மாத இறுதியில் துவேகுவே நகரை வத்தாரா ஆதரவுப் படைகள் கைப்பற்றியபோது, அங்கே நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ஏப்ரல் 11 அன்று பாக்போ கைதானார். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2019இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நாம் உணர வேண்டியவை

அபோபோவைப் பேசி, துவேகுவேயை மறைப்பது நீதியாகாது. அநீதி இழைக்கப்பட்ட தரப்பு என்பதால் அத்தரப்பின் துப்பாக்கிகள் செய்தவை நியாயமாகிவிடாது. தன் தரப்புக்கு எதிராகவும் உண்மை சொல்வதே நீதி என்பதை நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

அடுத்து, அந்நாட்டைப் பிளந்தது அந்த ஒரு நாள் வாக்குப்பதிவு அல்ல. 15 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு போட்டியாளரை ஒதுக்குவதற்காகக் குடிமக்களைத் தரம் பிரித்தார்கள். தேர்தல் ஆணையமும் அரசியலமைப்பு மன்றமும் இரு தரப்பின் நம்பிக்கையையும் இழந்திருந்தன. நடுவரை யாரும் நம்பாத இடத்தில், தோற்றவர் தோல்வியை ஏற்பதில்லை.

வத்தாரா ஆட்சியில், 2016ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு, பெற்றோரில் ஒருவர் அந்நாட்டவராக இருந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தியது. 2021இல் பாக்போ நாடு திரும்பி, வத்தாராவை நேரில் சந்தித்தார். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் 2025ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன், முக்கிய எதிர்க்கட்சித் தலைவர் திஜான் தியாமின் பெயரை நீதிமன்றம் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. சொல்லப்பட்ட காரணம் குடியுரிமை. அவர் ஊஃபுவே புவானியின் உறவினர். வத்தாரா நான்காவது முறையாக வென்றார்.

'நீ இந்நாட்டுக்காரனா?' என்ற கேள்வியால் ஒரு காலத்தில் காயப்பட்டவரின் ஆட்சியில், அதே கேள்வி இன்னொருவரின் வழியை மறித்திருக்கிறது. நமக்குப் பிடித்தவர் ஆட்சியில் இருக்கும்போதும் இதைத் தவறு என்று சொல்லும் துணிவு சமுதாயத்தில் இருக்க வேண்டும். அந்தத் துணிவு இல்லாத இடத்தில், அடுத்த தேர்தலில் அந்தக் கேள்வி யாரை நோக்கித் திரும்பும் என்று எவராலும் கூற இயலாது.