கறுப்பா, வெள்ளையா?

ஸ்பெயினில் இருக்கும் ஒரு கித்தார் தச்சருக்கு மின்னஞ்சல் போட்டேன்: "எனக்கு ஒரு ஃபிளமெங்கோ கித்தார் செய்து தருவீர்களா?" இரண்டே நாளில் பதில். விலை, முன்பணம், ஒரு வருஷக் காத்திருப்பு எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி: "பிளாங்காவா, நெக்ராவா?" அதாவது, வெள்ளையா, கறுப்பா?

புதுச்சேரிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! ஒரு வாய்க்காலை நடுவில் வைத்து, கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பிரித்த ஊர். நான் வாய்க்காலுக்கு மேற்கே வளர்ந்தவன்.

வெள்ளை என்பது சைப்ரஸ் மரம். ஸ்பெயினிலேயே கிடைத்தது, விலையும் குறைவு. இன்றைய கித்தாரின் உருவத்தை நிலைநிறுத்திய அல்மேரியாக்காரர் அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) சைப்ரஸிலும் செய்தார், ரோஸ்வுட்டிலும் செய்தார். சைப்ரஸில் சத்தம் சட்டென்று வெடித்து, சட்டென்று அடங்கும். ஆடுபவரின் காலடிக்கும் கைத்தட்டலுக்கும் நடுவே அதுதான் எடுபடும். கறுப்பு என்பது ரோஸ்வுட். நாதம் ஆழமாக, கொஞ்சம் நின்று வரும். தனியாக மேடையில் வாசித்தவர்கள் பலருக்கு அது பிடித்துப்போனது.

அந்த ரோஸ்வுட் ஒருகாலத்தில் பிரேசிலிலிருந்து வந்தது. 1960களின் இறுதியில் பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதியை இறுக்கவும், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. 1992இல் பிரேசில் மரம் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குள் போனது. அப்புறம் உலகக் கித்தார்களின் முதுகில் ஏறியது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை மரம்தான். தோதகத்தி. கூடலூர்ப் பக்கம் ஈட்டி என்பார்கள்.

அதற்கும் காவல் தேவைப்பட்டது. பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்று 1994இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. 2017 தொடக்கத்தில் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் அந்தப் பேரினமே சேர்ந்தது. எல்லை தாண்டி விற்கும் கித்தாருக்கும் அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 2019 இறுதியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. ஆக, நான் கறுப்பு கேட்டாலும் சட்டப்படி தடையில்லை. மலையிலிருந்து பலகையாகப் போன மரம் கித்தாராகி என் வீட்டுக்கே திரும்பி வரும். கேட்க அழகாகத்தான் இருந்தது.

பதில் எழுதாமல் ரங்கப்பிள்ளை வீதியில் நடந்தேன். பார்சல் வந்தால் விசாரிக்க வேண்டிய தலைமைத் தபால் நிலையமும் அங்கேதான். வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷி. அவர் காலத்திலும் இந்த ஊர் தூரதேசத்து ஆர்டரில்தான் பிழைத்தது. ஆர்டர் வந்த திசைதான் வேறு. கேட்டது பிரான்ஸ், நெய்தது நம்ம ஆட்கள். கம்பெனி முன்பணம் கொடுக்கும், மாதிரி காட்டும். வியாபாரி அந்தப் பணத்தை நெசவாளர் வரைக்கும் கொண்டுபோவார். மாதிரிக்கு ஒவ்வாத துணியைக் கம்பெனி கழித்துவிடும். தேறியது சலங்கில் ஏறி, அலை தாண்டிக் கப்பலுக்குப் போய், லோரியான் துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும். யார் நெய்தது என்று ஏலம் எடுத்தவருக்குத் தெரியாது.

நான் ஆர்டர் கொடுக்கிற தச்சருக்குப் பெயர் உண்டு. கித்தாரின் வட்டத் துளைக்குள் எட்டிப்பார்த்தால் அவர் ஒட்டிய சீட்டு தெரியும். ஆனால் மரத்தை வளர்த்த மலைக்கும், சுமந்து இறக்கிய ஆளுக்கும் அங்கே சீட்டு ஏது? திரும்பி வருகிற மரம் என்று நான் சந்தோஷப்பட்டது, துணி வாங்கின சீமான், "இதுவும் உங்க ஊர்ச் சரக்குதானே" என்று சொல்வதுபோல் பட்டது. தோதகத்தி மலையிலேயே நிற்கட்டும். அவர்களுடைய இசையைக் கற்கப்போகிறேன், அவர்களுடைய மரத்திலேயே கற்றால் என்ன?

"பிளாங்கா" என்று எழுதி முன்பணம் அனுப்பினேன். மறுநாள் அடுத்த கேள்வி வந்தது: "உங்கள் ஊர்க் காற்றில் ஈரம் எப்படி? அதற்கேற்ப மரத்தைப் பதப்படுத்தி ஒட்ட வேண்டும்."

கணக்கு தெரியவில்லை. "வீட்டிலிருந்து கடல் பத்து நிமிஷ நடை. ஐப்பசி மழையில் துவைத்த வேட்டி இரண்டு நாளாகியும் காயாது" என்று எழுதி அனுப்பினேன்.