சங்கிலியிலிருந்து சொல்லுக்கு: கரிசல் நிலமும் மனநலப் பணியின் வரலாறும்

வைப்பாற்றங்கரையில் அமைந்த விளாத்திகுளம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் இன்ன புலத்தில் இவ்வளவு விளைந்தன என்று கர்ணத்தின் அடங்கலில் ஆண்டுதோறும் ஏறின. மனம் கலங்கியோர்க்கு அக்கணக்கில் பத்தி கிடையாது. பத்தாண்டுக்கொரு முறை எடுக்கப்பட்ட குடிக்கணக்கோ 1881 முதல் 1931 வரை பித்தர், பார்வையற்றோர், செவிட்டூமையர், தொழுநோயாளர் என்று தலை எண்ணியது. எண்ணப்பட்டவர்க்குக் கிடைத்த மருத்துவம் மிகக் குறைவு.

ஊர் அவர்களைக் கிறுக்கு என்றது, பித்து என்றது, பேய்க்கோளாறு என்றது. கோடாங்கியின் உடுக்கை ஓய்ந்த பிறகு, கிழக்கே வேம்பார், சாயல்குடி வழியாக ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்வது இவ்வட்டாரத்தார் அறிந்த வழி. இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒருசேரத் தங்கி நலம் வேண்டும் இடம் அது. சமய வேற்றுமை கரைந்த அவ்விடத்தின் அருகிலேயே மனிதரைக் காலில் சங்கிலியிட்டு வைக்கும் விடுதிகளும் முளைத்தன. இந்த இரண்டையும் சேர்த்தே இந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

ஆங்கில மருத்துவத்தின் தொடக்கமும் பேதமற்றதன்று. 1794இல் வாலன்டைன் கனோலி என்னும் அறுவை மருத்துவர் சென்னையில் ஒரு பித்தர் இல்லம் நடத்தினார். 1871இல் அரசுப் பித்தர் விடுதி 145 பேருடன் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பெற்றது. கும்பினி ஆட்சியிலோ, சித்தம் கலங்கிய ஐரோப்பியரைத் தாயகத்துக்குக் கப்பலேற்றும் வழக்கம் இருந்தது. 1818 முதல் இலண்டனின் பெம்புரோக் இல்லமும், 1870 முதல் ஈலிங்கிலிருந்த விடுதியும் அவர்களை ஏற்றன. நோயாளியின் நலன் மட்டுமன்று, ஆளும் இனத்தின் மதிப்பும் அதில் கருதப்பட்டது. வெள்ளையன் ஒருவன் தெருவில் பிதற்றித் திரிவதைக் குடிகள் காணலாகாது என்பது அந்நாளைய எண்ணம்.

இவ்வினப் பார்வை இருபதாம் நூற்றாண்டிலும் அறிவியல் உடை அணிந்து வந்தது. ஆப்பிரிக்கரின் மனம் குறைவளர்ச்சி உடையது என்னும் போக்கில் கரோதர்ஸ் எழுதிய நூலை 1953இல் உலகச் சுகாதார நிறுவனமே வெளியிட்டது. மறு ஆண்டே நைஜீரிய மருத்துவர் லாம்போ, ஆரோ என்னுமிடத்தில் நோயாளிகளைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் உறவினரோடு குடியமர்த்தி மருத்துவம் செய்யலானார். குறைபட்டது எனப்பட்ட சமூகமே மருந்தாகியது.

இந்தியாவிலும் இதையொத்த முயற்சி நடந்தது. 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு குடும்பத்தாரையும் கூடாரங்களில் தங்கவைத்தார். 1960களின் பிற்பகுதியில் ஆக்ரா உள்ளிட்ட ஒன்பது நாடுகளின் மையங்களில் உலகச் சுகாதார நிறுவனம் ஆய்வு தொடங்கியது. மனச்சிதைவு எவ்வினத்திலும் உண்டு எனவும், இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நோயின் போக்கு ஒப்பீட்டளவில் நன்றாயிருந்தது எனவும் அது கண்டது. இம்முடிவைப் பின்வந்தோர் பலவாறு வினவினர். எனினும் இனத்தைக் காரணம் காட்டிய பழைய வாதம் அதன்பின் நிற்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்பணியை நோயாளியின் வீட்டுவாசலுக்குக் கொண்டு சென்றவர்களுள் டாக்டர் சாரதா மேனன் (1923–2021) முதன்மையானவர். கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராய் இருந்த அவர், 1984இல் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமாகிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். மதுரையில் 1992இல் செல்லமுத்து அறக்கட்டளை தோன்றியது. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சி ஒன்று; பின்னர் அது பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. மருந்தை மருத்துவர் எழுதலாம். அதை விழுங்கவைக்கும் நம்பிக்கையைத் திண்ணையில் அமர்ந்து பேசிய சமூகப்பணியாளரே வளர்த்தனர்.

அப்பேச்சில் வெளிப்பட்ட உண்மைகள் கசப்பானவை. மணவாழ்வு முறிந்த மனச்சிதைவுற்ற பெண்களைப் பற்றித் தாராவும் உடனாய்வாளரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, நோயின் இழிவைக் காட்டிலும் வாழாவெட்டி என்னும் இழிவே பலரை வாட்டியதைக் காட்டிற்று. சட்டப்படி மணவிலக்கு இல்லை. வாழ்க்கைப் பொருளுதவியும் இல்லை. முதுமையடைந்த பெற்றோரே புகல். நோயை மறைத்து மணமுடிக்கும் வழக்கம் உள்ள ஊர்கள் எவையும் இவ்வாய்வைப் பிறர் கதையாகக் கருத இயலாது.

2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இனவெறிக்கெதிரான உலக மாநாடு கூடியது. சாதியும் இனப்பாகுபாடும் ஒன்றா என்று அங்கே வாதிடப்பட்டது. இந்திய அரசு அன்று என்றது. சொல் எதுவாயினும், பிறப்பையோ நோயையோ காட்டி ஒருவரை மனிதக் கணக்கிலிருந்து நீக்கும் செயல் ஒன்றே.

ஏர்வாடிக்குப் பின் நம்பிக்கையையே பழித்தோரும் உளர். 2002இல் ரகுராம் முதலியோர் வெளியிட்ட ஆய்வு அவர்களை நின்று சிந்திக்கச் செய்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தணிந்தன. கடுஞ்சடங்கு அங்கு இல்லை. அன்பான, அச்சமற்ற சூழல் இருந்தது. ஆகவே ஒழிக்க வேண்டியது சங்கிலி, வழிபாடன்று. ஏர்வாடியிலும் பின்னாளில் பிரார்த்தனையோடு மருந்தும் வழங்கும் ‘துவா–தவா’ முறை வந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்தது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாது, கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகக் கொள்ளவும் அது வழிசெய்தது. மழை பொய்த்தால் கடனும் மனமும் ஒருங்கே முறியும் கரிசலுக்கு இது சிறிய செய்தியன்று.

சட்டத்தால் இரும்பு கழன்றது. சொல் இன்னும் கழலவில்லை. மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயராகிய கீழ்ப்பாக்கமே தமிழில் வசைச்சொல்லாய் வழங்குகிறது. பள்ளிப் பிள்ளை முதல் திரைப்படம் வரை அதனைச் சொல்லிச் சிரிக்கின்றனர். அச்சிரிப்புக்கு அஞ்சியே ஒரு குடும்பம் மகனைப் பின்கட்டில் அடைக்கிறது. மகளை மருத்துவரிடம் காட்டத் தயங்குகிறது. சமூகக் கல்வி என்பது இச்சொற்களை மாற்றும் பணியும் ஆகும். அது மருத்துவரால் மட்டும் முடிவதன்று; மொழியைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் அதில் பங்குண்டு. கரிசல் வழக்கின் ஒவ்வொரு சொல்லையும் அள்ளி ஏட்டில் ஏற்றிய நிலம் இது. கிறுக்கு என்னும் சொல்லுக்குப் பின்னே நின்ற மனிதரின் பெயரை இனித்தான் அது எழுதவேண்டும்.