சிகாகோ இறைச்சிக்கூடங்களும் ஒரு நாவலும்

எழுத்தால் சட்டத்தை மாற்ற இயலுமா என்னும் வினா நம் வட்டத்தின் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. இயலும் என்போர் காட்டத்தக்க சான்றுகளுள் முதல் வரிசையில் நிற்பது அப்டன் சிங்க்ளேர் எழுதிய ‘தி ஜங்கிள்’ என்னும் அமெரிக்க நாவல். 1906 பிப்ரவரியில் அது நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் இறைச்சி ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ நான்கு திங்களில் ஒரு கதை ஒரு நாட்டின் ஆட்சியை அசைத்தது என்பது மெய்யே. ஆயினும் அந்நாவல் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. எழுதுவோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

சிகாகோ நகரின் தென்புறத்தில் 1865ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று ‘யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்’ என்னும் பெருங்கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. மேற்குச் சமவெளிகளிலிருந்து மாடுகளும் பன்றிகளும் ரயிலேறி வந்தன. சுற்றியிருந்த ஆர்மர், ஸ்விஃப்ட் முதலிய நிறுவனங்களின் கூடங்களில் அறுபட்டு, பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய ரயில் பெட்டிகளில் கிழக்கு நகரங்களுக்குப் போயின. பழைய கசாப்புக்காரர் ஒரு விலங்கை அடி முதல் முடி வரை அறிந்தவர். இங்கோ அந்த அறிவு துண்டு துண்டாக்கப்பட்டது. பொருளியலறிஞர் ஜான் காமன்ஸ் 1904இல் எழுதிய ஆய்வில், மணிக்கு 105 மாடுகளை முடிக்கும் 230 பேர் கொண்ட ஓர் அணியை விளக்குகிறார். அவர்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள். கூலியில் ஏறத்தாழ இருபது படிகள். மணிக்கு 16 சென்ட் முதல் 50 சென்ட் வரை. ஒருவர் நாள் முழுவதும் ஒரே வெட்டை வெட்டுவார். அந்த ஒரு வெட்டைச் சில நாளில் எவர்க்கும் கற்பித்துவிடலாம். ஆகவே எவரையும் எந்நாளும் நீக்கிவிடலாம். விடியற்காலையில் வாயிலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி விரல் நீட்டியவர்க்கு மட்டும் அன்று வேலை. மோட்டார் வண்டிகளை வரிசையில் நகர்த்திப் பூட்டும் முறைக்கான கருத்து, சிகாகோ இறைச்சிக்கூடங்களில் தலைக்குமேல் ஓடிய தள்ளுருளைகளிலிருந்து தமக்குக் கிடைத்ததாக ஹென்றி ஃபோர்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். உயிரைப் பிரித்த வரிசையைப் பார்த்து இயந்திரத்தைச் சேர்க்கும் வரிசை பிறந்தது!

1904 ஜூலையில் வேலைநிறுத்தம் மூண்டது. கத்தி பிடிக்கும் தேர்ந்த தொழிலாளரும், தரை கழுவி மூட்டை சுமக்கும் எளிய கூலிகளுக்கு மணிக்குப் பதினெட்டரை சென்ட் உறுதி செய்யப்பட வேண்டும் என்பதற்காகப் போராட்டத்தில் இறங்கினர். இது பெருந்தன்மை மட்டுமன்று. கீழ்ப்படியின் கூலி சரிந்தால் மேற்படியும் சரியும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். நிறுவனங்கள் தென்மாநிலங்களிலிருந்து கறுப்பினத்தவரையும், புதிதாகக் குடியேறிய ஐரோப்பிய ஏழைகளையும் கொண்டுவந்து இடத்தை நிரப்பின. செப்டம்பரில் போராட்டம் தோற்றது.

அந்தத் தோல்வியின் சூடு ஆறுமுன் அங்கே வந்தார் சிங்க்ளேர். அப்போது அவருக்கு வயது 26. ‘அப்பீல் டு ரீசன்’ என்னும் சோஷலிச வார ஏடு 500 டாலர் முன்பணம் தந்திருந்தது. ஏழு வாரம் தங்கினார். பழைய உடையும் கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கும் இருந்தால் எந்தக் கூடத்துக்குள்ளும் தடையின்றி நுழையலாம் என்று கண்டுகொண்டார். ஒருநாள் தற்செயலாக ஒரு லித்துவேனியத் திருமணக் கொண்டாட்டத்தைக் கண்டு உள்ளே போய் அமர்ந்தார். நாவலின் முதல் அத்தியாயம் அங்கே உருவாயிற்று. கதைத்தலைவன் யூர்கிஸ், அவன் மனைவி ஓனா, உறவினர் எல்லோரும் அக்கூடங்களில் ஒவ்வொருவராய் நைந்து போவதே கதை. நோயுற்ற இறைச்சி பற்றிய செய்திகள் அதில் சில பக்கங்களே.

அச்சில பக்கங்களே நாட்டைக் குலுக்கின. கொதிக்கும் கொப்பரையில் தவறி விழுந்த தொழிலாளர் பன்றிக் கொழுப்போடு கொழுப்பாகச் சந்தைக்குப் போயினர் என்றொரு செய்தி நாவலில் வருகிறது. படித்தவர் பதறினர். ஒரு மனிதன் வெந்து மடிந்தான் என்பதற்காகவா? அவனைத் தாம் உண்டிருக்கக் கூடுமே என்பதற்காக! மக்களின் நெஞ்சைக் குறிவைத்தேன், தற்செயலாக அவர்களின் வயிற்றில் அடித்துவிட்டேன் என்னும் பொருள்படச் சிங்க்ளேர் வருந்தினார். தமிழில் வயிற்றில் அடிப்பது என்றால் பிழைப்பைப் பறிப்பது. அந்தப் பொருளில் வயிற்றில் அடிபட்டவர்கள் கூடங்களுக்குள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி வெளியே பேச்சில்லை.

குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், சார்லஸ் நீல், ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்னும் இருவரை அனுப்பி ஆராயச் செய்தார். ஈரமும் இருளும் காற்றோட்டமின்மையும் சூழ்ந்த அறைகள், போதிய கழிப்பிடமின்மை, தொழிலாளரிடையே காசநோய் ஆகியவற்றை அவர்கள் அறிக்கை பதிவு செய்தது. சட்டமோ, அறுபடும் முன்னும் பின்னும் விலங்குகளைச் சோதிக்க வேண்டும், கூடங்கள் தூய்மையாக இருக்க வேண்டும் என்றது. வேலை நேரம், கூலி, அறுபட்ட விரல் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆய்வுச் செலவும் அரசுக் கருவூலத்தின்மேல் விழுந்தது. பெருநிறுவனங்களுக்கு இழப்பென்ன? அரசு முத்திரை பதித்த இறைச்சிக்கு மதிப்புக் கூடியதுதான் மிச்சம்.

சிங்க்ளேரின் நெஞ்சமும் எல்லோர்க்கும் திறந்திருந்ததெனச் சொல்வதற்கில்லை. வேலைநிறுத்தத்தை முறிக்க வந்த கறுப்பினத்தவரை அந்நாவல் இழிவாகவே தீட்டுகிறது. அவர்களும் பசியால் விரட்டப்பட்டவர்களே என்பதை யூர்கிஸைப் படைத்த கை எழுத மறந்தது.

எட்டு மணி நேர வேலை கிடைத்தது 1918 மார்ச்சில். முதல் உலகப் போர்க்காலம். படைக்கு இறைச்சி தேவை. சங்கமும் மீண்டும் வலுப்பெற்றிருந்தது. நடுவர் நீதிபதி சாமுவேல் ஆல்ஷூலர் முன்னே தொழிலாளர்களே சாட்சியேறி, தம் வீட்டு நிலையைத் தம் வாயால் சொன்னார்கள். புனைவு இன்றி, உவமை இன்றி, அடுப்பங்கரைக் கணக்கு. தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாயிற்று.

நிலைக்கவில்லை. 1919 ஜூலையில் சிகாகோவில் இனக்கலவரம் வெடித்து 38 பேர் மாண்டனர். 1921–22 வேலைநிறுத்தம் தோற்றது. 1943இல் உருவான ஐக்கிய இறைச்சிக்கூடத் தொழிலாளர் சங்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் நின்றனர். நாவல் இழிவாய்த் தீட்டிய இனத்தவர் அங்கே தலைவர்களாயினர். அடுத்த சில பத்தாண்டுகளில் கூலி உயர்ந்தது. பின்னர்த் தொழிலே நகரைவிட்டு, சங்க வலிமையற்ற சிற்றூர்களுக்குப் பெயர்ந்தது. சிகாகோச் சந்தை 1971இல் மூடப்பட்டது. கூலி மற்ற ஆலைத் தொழில்களின் சராசரிக்குக் கீழே இறங்கிற்று.

நாவலில் ஸ்டானிஸ்லோவாஸ் என்றொரு சிறுவன் உண்டு. வயது 14, பதினாறென்று சான்றிதழ் பெற்றுக் கொழுப்பு அடைக்கும் இயந்திரத்தின் முன் நிறுத்தப்படுகிறான். 2023 பிப்ரவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஒரு செய்தியை வெளியிட்டது. எட்டு மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளை இரவில் கழுவும் ஒப்பந்தத்தை எடுத்திருந்த ஒரு நிறுவனம் 102 சிறாரை வேலைக்கு வைத்திருந்தது. 13 முதல் 17 வரை வயதுடைய அவர்கள் தலைபிளக்கும் கருவிகளையும் அறுவை இயந்திரங்களையும் கடும் இரசாயனம் கொண்டு துலக்கினர். நிறுவனம் 15 இலட்சம் டாலர் அபராதம் கட்டியது. அந்த ஆலைகளின் இறைச்சியில் குறையேதும் சொல்லப்படவில்லை.