புள்ளி டிரவுட் கயாக் மீன்பிடிப்பு

புள்ளி டிரவுட் கயாக் மீன்பிடிப்பு என்பது, கயாக் எனப்படும் ஒடுங்கிய சிறு துடுப்புப் படகில் இருந்தவாறு, ஆழம் குறைந்த கடலோர நீர்நிலைகளில் புள்ளி டிரவுட் மீனைத் தூண்டிலால் பிடிக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு முறையாகும். இது ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கு அத்திலாந்திக்குக் கரையிலும் மெக்சிக்கோ வளைகுடாக் கரையிலும் பரவலாகக் காணப்படுகின்றது. டெக்சாசு, லூசியானா, புளோரிடா ஆகிய மாநிலங்களின் கடற்கழிகளும் கழிமுகங்களும் இதன் முதன்மைக் களங்களாகும்.

பெயரும் வகைப்பாடும்

புள்ளி டிரவுட்டின் அறிவியற் பெயர் சைனோசியன் நெபுலோசசு என்பதாகும். பிரான்சிய விலங்கியலாளர் சியார்ச் கூவியே 1830 ஆம் ஆண்டில் இம்மீனை விவரித்தார். பெயரில் டிரவுட் என்று இருப்பினும் இது உண்மையான டிரவுட் அன்று. உண்மையான டிரவுட் மீன்கள் குளிர்ந்த நன்னீரில் வாழும் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தவை. புள்ளி டிரவுட்டோ சையெனிடே என்னும் கடல்மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழகக் கடற்கரையில் கத்தாளை எனப் பொதுவாக அழைக்கப்படும் மீன்களும் இதே குடும்பத்தினவாகும். உடலில் உள்ள புள்ளிகளும் நீண்ட உடலமைப்பும் டிரவுட்டை ஒத்திருந்தமையால் ஐரோப்பியக் குடியேறிகளிடையே இப்பெயர் நிலைத்தது.

சையெனிடே குடும்பத்து மீன்கள் பல ஒலி எழுப்ப வல்லவை. புள்ளி டிரவுட்டில் ஆண்மீன்கள் தம் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை விரைவாக அதிர்த்து முரசு போன்ற ஒலியை உண்டாக்குகின்றன. இனப்பெருக்கக் காலத்தில் அந்தி நேரத்தில் இவ்வொலி மிகுதியாகக் கேட்கும். ஆய்வாளர்கள் நீரடி ஒலிவாங்கிகளைக் கொண்டு இவ்வொலியைப் பதிவு செய்து, மீன்கள் முட்டையிடும் இடங்களை அறிகின்றனர்.

மீனின் இயல்புகள்

இம்மீனின் முதுகு கருஞ்சாம்பல் நிறமாகவும் பக்கங்கள் வெள்ளி நிறமாகவும் இருக்கும். முதுகிலும் இரண்டாம் முதுகுத் துடுப்பிலும் வாலிலும் வட்டமான கரும்புள்ளிகள் உண்டு. வாயின் உட்புறம் மஞ்சள் நிறமானது. மேல்தாடையின் முன்புறத்தில் கோரைப் பற்கள் அமைந்துள்ளன. வாயைச் சுற்றியுள்ள தசை மிக மென்மையானது. தூண்டிலை வலிந்து இழுத்தால் முள் தசையைக் கிழித்துக்கொண்டு வெளிவந்துவிடும்.

இளமீன்கள் பெரும்பாலும் இறாலை உண்கின்றன. வளர்ந்த மீன்கள் மடவை, மத்தி இனச் சிறுமீன்கள் போன்றவற்றை மிகுதியாக உண்கின்றன. பெண்மீன்கள் ஆண்மீன்களைவிட விரைவாக வளர்வதால், மிகப் பெரிய மீன்களில் பெரும்பாலானவை பெண்மீன்களே. ஏறத்தாழ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான வெப்ப மாதங்களில் ஒரு பெண்மீன் பலமுறை முட்டையிடும்.

புள்ளி டிரவுட் நெடுந்தொலைவு வலசை போவதில்லை. ஒரு கழிமுகத்தில் பிறந்த மீன் பெரும்பாலும் அதன் சுற்றுப்புறத்திலேயே வாழ்ந்து முடிகின்றது. ஆகவே ஒரு கழிமுகத்தில் இம்மீன்கள் பெருமளவில் அழிந்தால், அயல் நீர்நிலைகளில் இருந்து வந்து அவ்விடத்தை நிரப்பும் மீன்கள் குறைவு. இம்மீனின் பாதுகாப்புப் பற்றிய விதிகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படையாகும்.

தூண்டிலில் பிடிபட்டவற்றுள் உலக அளவில் பெரியதாகப் பதிவு செய்யப்பட்ட மீன், 1995 மே 11 அன்று புளோரிடாவின் போர்ட் பியர்சு என்னுமிடத்தில் பிடிபட்டது. அதன் எடை 17 பவுண்டு 7 அவுன்சு (ஏறத்தாழ 7.9 கிலோகிராம்) ஆகும். எனினும் பொதுவாகப் பிடிபடும் மீன்கள் அரைக் கிலோகிராம் முதல் ஒன்றரைக் கிலோகிராம் வரையே இருக்கும்.

கயாக்

கயாக் வட துருவப் பகுதியின் இனுவிட்டு, அலூட்டு மக்கள் உருவாக்கிய வேட்டைப் படகாகும். மரம் அல்லது எலும்பாலான சட்டத்தின்மீது கடல்நாய்த் தோலைப் போர்த்து இதனைச் செய்தனர். ஓசையின்றி விலங்குகளை நெருங்க உதவியதே இதன் சிறப்பாகும். இன்றைய மீன்பிடி கயாக்குகள் பெரும்பாலும் நெகிழியால் வார்க்கப்பட்டவை. ஆயினும் ஓசையின்மை என்னும் அதே பண்பிற்காகவே மீன்பிடிப்போர் இவற்றை விரும்புகின்றனர்.

மீன்பிடிக்கப் பெரும்பாலும் மேலமர் கயாக் பயன்படுகின்றது. இதில் அமர்பவர் படகின் உள்ளே காலை நீட்டாமல் மேற்பரப்பில் உள்ள இருக்கையில் அமர்கின்றார். படகின் தளத்தில் உள்ள துளைகள் வழியே நீர் தானாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் நீர் உள்ளே நிறையாது. நிமிர்த்தி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். இவ்வகைப் படகுகள் பெரும்பாலும் 3 முதல் 4.3 மீட்டர் வரை நீளமுள்ளவை. காலால் மிதித்து இயக்கும் கயாக்குகளும் உண்டு. ஓபி நிறுவனம் 1997 இல் அறிமுகப்படுத்திய மிதி இயக்கி இவ்வகையில் பெயர் பெற்றது. மிதி இயக்கி இரு கைகளையும் தூண்டிலுக்காக விட்டுவைக்கின்றது. ஆனால் மிக ஆழம் குறைந்த நீரில் அதன் சிறகுகள் தரையிலும் புல்லிலும் தட்டும். அத்தகைய இடங்களில் துடுப்பே ஏற்றது.

கயாக் மிதக்க ஒரு சாண் அளவு நீர் போதுமானது. விசைப்படகுகள் நுழைய முடியாத மேடுகளுக்கும் ஓடைகளுக்கும் இதனால் செல்லலாம். டெக்சாசில் பலர் கயாக்கைப் போக்குவரத்துக்கு மட்டும் பயன்படுத்தி, மீனுள்ள இடத்தை அடைந்ததும் இறங்கி நீரில் நடந்து மீன்பிடிக்கின்றனர்.

முதன்மைக் களங்கள்

டெக்சாசின் லகுனா மாத்ரே, நிலப்பகுதிக்கும் பாத்ரே தீவுக்கும் இடையில் அமைந்த நீண்ட கடற்கழியாகும். இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே. ஆற்றுநீர் வரத்துக் குறைவாகவும் ஆவியாதல் மிகுதியாகவும் இருப்பதால் இதன் நீர் பெரும்பாலும் கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. இங்குள்ள பரந்த கடற்புல் வெளிகள் இறாலுக்கும் சிறுமீன்களுக்கும் புகலிடமாக விளங்குகின்றன. அவற்றைத் தேடிப் புள்ளி டிரவுட் வருகின்றது.

அரான்சசு பாசு நகருக்கு அருகில் உள்ள லைட்கவுசு லேக்சு துடுப்புத் தடம், கண்டல் புதர்களுக்கு இடையே செல்லும் குறியிடப்பட்ட கயாக் வழியாகும். லூசியானாவில் மிசிசிப்பி ஆற்றின் வண்டல் உருவாக்கிய சதுப்புப் புல்வெளிகளும், அவற்றிடையே அமைந்த சிப்பிப் படுகைகளும் இம்மீனின் வாழிடங்களாகும். புளோரிடாவின் பனானா ஆற்றுக் கடற்கழியில் விசைப்பொறிகள் தடை செய்யப்பட்ட பகுதி ஒன்று உண்டு. அங்கு கயாக் போன்ற துடுப்புப் படகுகளே செல்ல முடியும்.

மீன்பிடிக்கும் முறை

காலமும் இடமும்: கோடையில் மீன்கள் அதிகாலையிலும் அந்தியிலும் ஆழமற்ற புல்வெளிகளில் இரை தேடுகின்றன, வெயில் ஏறியதும் சற்று ஆழமான விளிம்புகளுக்குச் செல்கின்றன. குளிர்காலத்தில் ஆழமான வாய்க்கால்களிலும், பகலில் வெப்பத்தை ஏற்கும் கருஞ்சேற்றுத் தரைகளிலும் தங்குகின்றன. மெக்சிக்கோ வளைகுடாவில் ஓதத்தின் ஏற்றவற்றம் சிறியது. பல இடங்களில் நாளுக்கு ஒருமுறையே நிகழ்கின்றது. காற்றின் திசை நீர்மட்டத்தைப் பெரிதும் மாற்றும். நீர் ஓடும் நேரமே மீன்பிடிக்கச் சிறந்தது. ஓட்டம் நின்றால் மீன் இரையெடுப்பது குறையும்.

அறிகுறிகள்: கடற்புறாக்கள் நீரின்மேல் கூட்டமாக வட்டமிட்டுப் பாய்ந்தால், அடியில் மீன்கள் இறாலை மேலே விரட்டுகின்றன எனக் கொள்ளலாம். இரையெடுக்கும் மீன்கள் கக்கும் எண்ணெய் நீர்ப்பரப்பில் வழவழப்பான படலமாகத் தோன்றும். அதில் தர்பூசணிப் பழத்தின் மணம் வீசும் என்பர் மீன்பிடிப்போர். துள்ளிக் குதிக்கும் மடவைக் கூட்டமும் நல்ல அறிகுறியாகும்.

கருவிகள்: ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள இலகுவான தூண்டிற்கோலும், பின்னிய மெல்லிழையும், அதன் முனையில் தெளிவான நரம்பும் பயன்படுகின்றன. உயிருள்ள இறால் எளிய இரையாகும். செயற்கை இரைகளுள் ஈயத்தலை கொண்ட முள்ளில் கோத்த மென்நெகிழி வால்கள் பரவலாக வழங்குகின்றன. ஈயத்தலையின் எடை பெரும்பாலும் 3 முதல் 7 கிராம் வரை இருக்கும். ஒலி எழுப்பும் தக்கை என்பது மேற்புறம் குழிந்த மிதவையாகும். இதனைச் சுண்டி இழுத்தால் மீன் இறாலைக் கவ்வும்போது எழும் ஓசையைப் போன்ற ஒலி தோன்றும். இவ்வொலி கேட்டு வரும் மீன், தக்கைக்குக் கீழே தொங்கும் இரையை எடுக்கும்.

படகைக் கட்டுப்படுத்தல்: கயாக் இலகுவானதால் காற்று அதனை எளிதில் தள்ளும். ஆழமற்ற நீரில் தரையில் ஊன்றும் கோலினால் படகை நிறுத்துகின்றனர். பரந்த வெளியில் துணியாலான இழுவைப் பையைக் கட்டி நகர்வின் வேகத்தைக் குறைக்கின்றனர். காற்றின் போக்கில் மிதந்து சென்று இரை வீசுவது வழக்கம். திரும்பும்போது எதிர்க்காற்றில் துடுப்புப் போட வேண்டியிருக்கும் என்பதால், முதலில் காற்றை எதிர்த்துச் சென்று பின் காற்றோடு கரை திரும்புவது நல்லது.

மீனைக் கையாளுதல்

மீன் தலையை உதறும்போது நரம்பைத் தளரவிடாமலும், அதே வேளை வலிந்து இழுக்காமலும் இருத்தல் வேண்டும். படகருகே வந்ததும் கைவலையால் எடுப்பது வழக்கம். விடுவிக்கும் மீனை ஈரக்கையால் பிடித்து, கூடியவரை நீரிலேயே வைத்து முள்ளை அகற்ற வேண்டும். உலர்ந்த கையும் சூடான படகுத் தளமும் மீனின் உடலைக் காக்கும் வழவழப்புப் படலத்தை நீக்கிவிடும். வாயின் ஓரத்தில் முள் பட்ட மீன்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன; செவுளிலோ குடலிலோ முள் ஏறிய மீன்கள் பிழைப்பது அரிது. உயிரிரையைவிடச் செயற்கை இரையில் மீன் முள்ளை விழுங்குவது குறைவு.

இதன் தசை வெண்மையானது, சுவையானது. ஆனால் விரைவில் மென்மையாகிவிடும். எனவே பனிக்கட்டியில் உடனே வைத்தல் வேண்டும். சில மீன்களின் தசையில் நூல் போன்ற வெண்புழுக்கள் காணப்படும். இவை சுறாக்களில் முதிர்ச்சியடையும் நாடாப்புழு வகை ஒன்றின் இளநிலைகளாகும். இவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை.

பாதுகாப்பு

ஐக்கிய அமெரிக்கச் சட்டப்படி கயாக்கில் செல்லும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி படகில் இருத்தல் வேண்டும். அங்கி படகில் கட்டிக் கிடப்பதால் பயனில்லை. கவிழ்ந்தபின் நீரில் அதனை அணிவது மிகக் கடினம். கயாக் நீர்மட்டத்தில் தாழ்ந்திருப்பதால் விசைப்படகு ஓட்டுநர்களின் கண்ணில் எளிதில் படுவதில்லை. பளிச்சிடும் நிறமும் உயர்ந்த கொடியும், இருளில் வெண்ணிற விளக்கும் இதனால் இன்றியமையாதவை. மழை முகிலும் இடியும் தோன்றினால் திறந்த நீரில் துடுப்புக்காரரே உயர்ந்த பொருளாக இருப்பார். உடனே கரையேறுதல் வேண்டும். தனியே செல்பவர் தம் பாதையையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்வது நன்று.

நீரில் இறங்கி நடப்போர் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நகர்த்த வேண்டும். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிச் செல்ல இது உதவும். வெப்பமான உவர்நீரில் வாழும் விப்ரியோ வல்னிபிக்கசு என்னும் நுண்ணுயிர் திறந்த புண் வழியே உடலில் புகுந்து, உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும். கல்லீரல் நோயாளருக்கு இது மிகவும் ஆபத்தானது. புண் உள்ளவர்கள் நீரில் இறங்காதிருப்பதே பாதுகாப்பானது.

மீன்வளமும் சட்டங்களும்

டெக்சாசில் மிகைப் பிடிப்பால் மீன்வளம் குறைந்ததைத் தொடர்ந்து, 1981 ஆம் ஆண்டில் புள்ளி டிரவுட்டையும் செம்முரசு மீனையும் பிடித்து விற்பது சட்டத்தால் தடை செய்யப்பட்டது. புளோரிடாவில் 1994 இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட வலைக் கட்டுப்பாடு 1995 இல் நடைமுறைக்கு வந்தது.

இம்மீனுக்குப் பெரும் இடர் கடுங்குளிராகும். ஆழமற்ற கடற்கழிகள் விரைவில் குளிர்ந்துவிடுவதால், ஆழமான நீரை அடைய முடியாத மீன்கள் இறக்கின்றன. 1983 இலும் 1989 இலும் டெக்சாசில் இவ்வாறு பேரழிவு ஏற்பட்டது. 2021 பெப்ரவரியில் வீசிய கடுங்குளிரில் டெக்சாசு கடற்கரையில் குறைந்தது 38 இலட்சம் மீன்கள் இறந்தன என மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை மதிப்பிட்டது. அவற்றுள் புள்ளி டிரவுட் ஏறத்தாழ 1,60,000 ஆகும். லகுனா மாத்ரே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அங்கு ஒருவர் நாளொன்றுக்கு வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கை 5 இலிருந்து 3 ஆகக் குறைக்கப்பட்டது. 2024 இல் டெக்சாசு கடற்கரை முழுவதற்கும் நாளொன்றுக்கு 3 மீன், 15 முதல் 20 அங்குல நீளம் என்னும் விதி கொண்டுவரப்பட்டது. லூசியானாவில் 2023 நவம்பரில் நாளளவு 25 மீனிலிருந்து 15 ஆகக் குறைக்கப்பட்டது.

கீழெல்லையும் மேலெல்லையும் கொண்ட இத்தகைய நீள விதி, ஒருமுறையேனும் முட்டையிடுமுன் சிறுமீன்கள் பிடிபடுவதையும், மிகுதியான முட்டைகளை இடும் பெரிய பெண்மீன்கள் அழிவதையும் ஒருங்கே தடுக்கும் நோக்குடையது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதுடன் அடிக்கடி மாற்றவும் படுகின்றன.

சூழலியல்

விசைப்படகுகளின் சுழலிகள் ஆழமற்ற நீரில் கடற்புல்லை வேரோடு அறுத்து நீண்ட தழும்புகளை உண்டாக்குகின்றன. இத்தழும்புகள் ஆறப் பல ஆண்டுகள் ஆகும். டெக்சாசில் சுழலியால் கடற்புல்லை வேரறுப்பது 2006 இல் ரெட்பிசு விரிகுடாப் பகுதியிலும், 2013 இல் மாநிலக் கடற்கரை முழுவதிலும் தடை செய்யப்பட்டது. துடுப்பால் செல்லும் கயாக் இத்தகைய சேதத்தை உண்டாக்குவதில்லை. எரிபொருட் கசிவும் இல்லை.

ஆயினும் கயாக் முற்றிலும் தீங்கற்றது எனக் கூறவியலாது. முன்பு படகுகள் எட்டாத இடங்கள் மீன்களுக்கு இயற்கைப் புகலிடங்களாக இருந்தன. கயாக்குகளின் பெருக்கத்தால் அவ்விடங்களிலும் இன்று தூண்டில் விழுகின்றது. எனவே படகு எதுவாயினும், எத்தனை மீன் எடுக்கப்படுகின்றது, விடுவிக்கப்படும் மீன் எந்நிலையில் விடுவிக்கப்படுகின்றது என்பவற்றைப் பொறுத்தே ஒரு கழிமுகத்தின் மீன்வளம் அமைகின்றது.

இவற்றையும் பார்க்க

கயாக்
கத்தாளை
கடற்புல்
கழிமுகம்
மெக்சிக்கோ வளைகுடா