வாரன்

‘வாரன்’ என்னும் ஆங்கிலச் சொல் இன்று, பல வாயில்களோடு மண்ணுக்குள் பின்னிக் கிடக்கும் முயல் வளைகளைக் குறிக்கிறது. ஆயினும் நார்மானியரின் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து புகுந்த அச்சொல்லுக்கு மூலம், காத்தல் என்னும் பொருளுடைய ஜெர்மானியத் தாது என்பதே அறிஞர் பலரின் கொள்கை. நம் நீதிமன்றங்களில் வழங்கும் ‘வாரண்டு’ம் அதற்கு உறவுச் சொல்தான்.

காவலுக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம்? பிரபுவுக்கோ மடத்துக்கோ உரிய நிலத்தில் முயல், கௌதாரி முதலிய சிறு பிராணிகளை அவரையன்றிப் பிறர் வேட்டையாடலாகாது என்று அரசன் சாசனம் செய்து கொடுத்த உரிமைக்கே முதலில் ‘வாரன்’ என்று பெயர். உரிமையின் பெயர் நிலத்துக்கு ஆகி, நிலத்தின் பெயர் அங்கு வளர்ந்த முயலின் வளைக்கும் ஆயிற்று. வளை தோண்டும் முயலோ அந்நாட்டுக்குப் புதிது. நார்மானியர் காலத்தில் கடல் கடந்து வந்தது. அதற்காக மெத்தென்ற மண்ணைக் குவித்துத் தலையணை போல நீண்ட மேடுகள் அமைத்தார்கள். கீரியை ஒத்த பெரட் என்னும் பிராணியை வளைக்குள் ஏவி, வெருண்டு வெளிப்படும் முயலை வாயிலில் விரித்த வலையில் பிடித்தார்கள். நார்போக் மாவட்டத்துத் தெட்பர்டில், ஏறக்குறைய 1400இல் எழுந்த வாரன் காவலனின் கல்வீடு கோட்டை போல இன்றும் நிற்கிறது.

இத்தனை காவலும் முயலின் உயிருக்கன்று, பிரபுவின் பந்திக்கே என்பதை ஏழைக் குடியானவர் நன்கு அறிந்திருந்தனர். 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்தார், வயலில் பிடித்த முயலொன்றை உயிரோடு ஏந்தி ஊர்வலம் போய், குற்றவாளிகளைப் பூட்டி நிறுத்தும் தண்டனை மரத்தில் கட்டினார்கள். மடாதிபதியிடமிருந்து வேட்டையுரிமையை மீட்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். இச்சரித்திரத்தில் என் மனத்தை விட்டு அகலாத காட்சி இது.

அதற்கு மறுமொழி போலவே 1390இல் ஒரு சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானமுள்ள நிலமில்லாதவன் வேட்டை நாயோ பெரட்டோ வலையோ வைத்திருத்தல் குற்றமாயிற்று. நல்ல கிறிஸ்தவர்கள் கோயிலில் இருக்கும் திருநாட்களில் தொழிலாளர் வேட்டை என்னும் வியாஜத்தால் கூடிச் சதி செய்கிறார்கள் என்று அச்சட்டமே காரணம் கூறிற்று. 1671இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 100 பவுனாக உயர்ந்து, சிறு நிலக்காரன் தன் வயலில் மேயும் முயலைப் பிடிப்பதும் குற்றமாயிற்று.

நிலச்சொத்து வரம்பு 1831இல் நீங்கிற்று. 1880ஆம் ஆண்டுச் சட்டமோ, பயிரைத் தின்னும் முயலைக் கொல்லும் உரிமையைக் குத்தகைக்காரனுக்கு அளித்து, அதை அவனே எழுதிக் கொடுத்தாலும் அவ்வெழுத்து செல்லாது என்று விதித்தது. அரசன் சாசனத்தால் வந்த பழைய ‘வாரன்’ உரிமை மட்டும் ஏட்டிலேயே கிடந்து, 1971இல்தான் ஒழிந்தது.