ஒன்பது அங்குலச் சதுரங்கள்

நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பன் ஒருநாள் வீடியோ காலில் கேமராவைத் தரைப்பக்கம் திருப்பினான். "மச்சான், பேஸ்மெண்ட்ல பழைய கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில என்ன இருக்கு பாரு." கரும்பழுப்பில், வெள்ளைத் தீற்றல் ஓடிய சதுரங்கள். மூலையில் ஒன்று உடைந்து பெயர்ந்திருந்தது. மகளுக்கு விளையாட்டு அறை ஆக்கணுமாம். எல்லாத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு என்ன தரை போடலாம் என்பது அவன் கேள்வி.

"ஒரு சதுரத்தை அளந்து சொல்லுடா" என்றேன்.

ஒன்பதுக்கு ஒன்பது அங்குலம். 1950களில் கட்டிய வீடு.

"அப்படியே விட்டுட்டு மேல வா" என்றேன்.

அந்தச் சதுரங்கள் அங்கே வந்த கதை ஈரத்தில் தொடங்குகிறது. நாம் ஈரத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டினோம், படியேறினால் திண்ணை. அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளில் கீழே தோண்டினார்கள். மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிந்தால் அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். ஆகவே உறைபனி எட்டாத ஆழத்துக்குப் போக வேண்டும். எப்படியும் தோண்டியாச்சு, ஓர் அறை மிச்சம். அதில் நிலக்கரியும் கொதிகலனும் குடியிருந்தவரை தரை நசநசவென்று இருந்தது யாருக்கும் உறுத்தவில்லை. எண்ணெயும் கேஸும் வந்து கரிக்குவியல் போனது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்பங்கள் கீழே இறங்கின. இருட்டறை 'ரெக் ரூம்' ஆனது. அப்போதுதான் தரை ஒரு பிரச்சினையானது.

கான்கிரீட் பார்க்கத்தான் கல். உள்ளே நுண்துளைகள். மண்ணின் ஈரம் அவற்றின் வழியே மேலேறும், வரும்போது சிமெண்டின் காரத்தையும் கூட்டிவரும். மரம் போட்டால் உப்பி வளையும். அன்றைய பிரபலத் தரை லினோலியம்: இங்கிலாந்தின் ஃப்ரெடெரிக் வால்டன் 1863இல் காப்புரிமை பெற்றது. ஆளிவிதை எண்ணெயைக் காற்றில் கெட்டிப்படுத்தி, கார்க் தூள் கலந்து, சணல் துணிமேல் அழுத்திச் செய்வது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு. லினோலியத்துக்கும் அதுதான் நடந்தது. மேலே எண்ணெய் இளகியது, கீழே சணல் மக்கியது.

1920களில் வந்த ஆஸ்பால்ட் ஓடு இந்தக் காரத்துக்கு அசரவில்லை. விலையும் மலிவு. நிலமட்டத்துக்குக் கீழேயும் ஒட்டலாம் என்று தைரியமாகச் சொல்ல முடிந்த தரை அது. 1947இல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் எழத் தொடங்கியபோது, பேஸ்மெண்ட்டே இல்லாமல் கான்கிரீட் பலகைமேல் நின்ற அந்த ஆயிரக்கணக்கான வீடுகளின் தரையும் இதுதான். பிறகு ஆஸ்பால்ட்டின் இடத்தை வினைல் பிடித்தது. இரண்டிலும் மாறாமல் இருந்தது இன்னொரு பொருள்: ஓடு நொறுங்காமல் இறுக்கிப் பிடிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார்.

தமிழில் ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரை. மே மாதம் வேகவைக்கும், மழை பெய்தால் காதை அடைக்கும். அமெரிக்காவில் அதே நார் காலடியில் கிடந்தது. 1964இல் மருத்துவர் இர்விங் செலிகாஃப், ஆஸ்பெஸ்டாஸோடு புழங்கிய வெப்பக்காப்புத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்களையும் மரணங்களையும் கணக்கெடுத்து வெளியிட்டார். சுவாசித்த நார், பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழுந்துவரும். 1989இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பெரும்பாலான ஆஸ்பெஸ்டாஸ் பொருள்களைத் தடைசெய்ய, 1991இல் நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது. கிரைசோடைல் வகைக்குத் தடை வந்தது 2024இல். இந்தியாவில் இறக்குமதி இன்றும் நடக்கிறது. கூரைத் தகடு இன்றும் விற்கிறது.

இதில் ஒரு விநோதம். முழுதாகக் கிடக்கும் ஓட்டில் நார் சிறைப்பட்டிருக்கும், அதிகம் பயமில்லை. சுரண்டினால், தேய்த்தால், உடைத்தால்தான் ஆபத்து. கீழே உள்ள கறுப்புப் பசையிலும் அது இருக்கலாம். வீட்டைப் புதுசாக்கும் உற்சாகம்தான் இங்கே எதிரி. அன்று இதை ஒட்டியவர்கள் ஓட்டை வெட்டியும் நறுக்கியும்தான் பிழைத்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நண்பன் சுரண்டவில்லை. பயிற்சி பெற்ற ஆளை அழைத்து உடைந்ததை எடுக்கவைத்தான். சோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் உறுதியானது. கொதிகலன் மூலையில் வெறும் கான்கிரீட் இருந்த இடத்தில் 18 அங்குலப் பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி, 16 மணி நேரம் விட்டான். அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர். அதனால் தரைக்கு முன் வெளியே செலவழித்தான்: கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் குழாயை நீட்டினான், மண்ணை வீட்டைவிட்டுச் சரியவிட்டான். மறுபடி சோதித்துத் தாள் காய்ந்திருந்த பிறகே, ஆணியோ பசையோ இல்லாமல் பூட்டிக்கொள்ளும் வினைல் பலகைகளைப் பழைய ஓட்டின்மேல் விரித்தான்.

"முடிஞ்சுதாடா?" என்று கேட்டேன்.

"எங்க முடியுது? மூடி வச்சிருக்கேன், அவ்ளோதான்."

கொதிகலன் பக்கத்துச் சுவரில் மார்க்கரால் எழுதியிருக்கிறானாம், அடுத்து இந்த வீட்டுக்கு வருபவருக்காக: கீழே ஆஸ்பெஸ்டாஸ் ஓடு இருக்கிறது, உடைக்காதீர்கள். தேதியும் போட்டிருக்கிறான்.