காட்டப்படாத உத்தரவு: தந்திச் சட்டம் முதல் இணைய முடக்கம் வரை

2013 ஜூலை நடுவில் இந்தியாவில் தந்திச் சேவை மூடப்பட்டது. கடைசி நாளன்று நினைவுக்காக ஒரு தந்தி கொடுத்துவிட வேண்டும் என்று மக்கள் அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். சேவை போயிற்று, அதை ஆண்ட சட்டம் போகவில்லை. பிரிட்டிஷ் இந்திய அரசு 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம் அதன் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. 2017-க்குப் பின் மாவட்டம் மாவட்டமாகக் கைபேசி இணையத்தை நிறுத்தியபோது மாநில அரசுகள் அடிப்படையாகக் காட்டியது அந்தச் சட்டத்தைத்தான்.

காலனியச் சட்டம் சுதந்திர நாட்டில் நீடித்தது பற்றி நிறையப் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அச்சட்டத்தின் வாசகங்களைக் காட்டிலும் அது விட்டுச்சென்ற நிர்வாகப் பழக்கம் ஒன்றுதான் அதிகத் தீங்கு செய்திருக்கிறது. தடை உத்தரவு போடுகிறவர் அதைப் பாதிக்கப்பட்டவரிடம் காட்ட வேண்டியதில்லை என்பதே அந்தப் பழக்கம். இணையச் சுதந்திரம் குறித்து இந்தியாவில் நடந்த ஒவ்வொரு பெரிய வழக்கையும் அருகில் சென்று பார்த்தால், பேச்சுரிமையின் எல்லை என்ன என்ற கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது தெரியும்: உத்தரவு எங்கே?

தந்திச் சட்டத்தின் நான்காம் பிரிவு, தந்தியை நிறுவி நடத்தும் உரிமை முழுவதையும் அரசுக்கு ஒதுக்கியது. மற்றவர்கள் உரிமம் பெற்றே நடத்த முடியும். ஐந்தாம் பிரிவு, பொது அவசர நிலையிலோ பொதுப் பாதுகாப்பின் பொருட்டோ தந்தியைக் கையகப்படுத்தவும், செய்தியைத் தடுக்கவும், இடைமறித்துப் படிக்கவும் அதிகாரம் தந்தது. 1857 எழுச்சியின்போது தங்கள் ஆட்சியைக் காப்பாற்றியதில் தந்திக் கம்பிக்குப் பங்குண்டு என்று நம்பிய ஆட்சியாளர்கள், கம்பியின் மீதான பிடியைத் தளர்த்த விரும்பாதது வியப்பில்லை. அப்பிரிவில் இருந்த இன்னொரு வாசகம்தான் கவனத்துக்குரியது. பொது அவசர நிலை உண்மையிலேயே இருந்ததா என்ற ஐயம் எழுந்தால், அரசுச் செயலர் கையெழுத்திட்ட சான்றிதழே முடிவான ஆதாரம். அதற்கு மேல் கேட்க இடமில்லை. 1972-இல் வந்த திருத்தம் அந்த வாசகத்தை விலக்கி, நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்குள் அதிகாரத்தைக் கட்டியது. சான்றிதழ் போனாலும் அது வளர்த்த மனப்போக்கு அவ்வளவு எளிதில் போகவில்லை.

அச்சு ஊடகத்தின் கதை வேறு விதமாக அமைந்தது. 1950 மார்ச் 1 அன்று மதராஸ் அரசு, பம்பாயிலிருந்து வெளிவந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற வார இதழ் மாநிலத்துக்குள் நுழையவும் விற்கப்படவும் தடை விதித்தது. 1949-ஆம் ஆண்டின் மதராஸ் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் போடப்பட்ட அந்த உத்தரவு, எண்ணும் தேதியுமாகப் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் அச்சாகி வெளிவந்தது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேராக உச்ச நீதிமன்றம் சென்றார். மூன்றே மாதத்துக்குள், மே 26 அன்று, நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தத் தடையை நீக்கியது. எழுத்தைப் பரப்பும் உரிமை இல்லாமல் பேச்சுரிமைக்குப் பொருளில்லை என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டே அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, ‘பொது ஒழுங்கு’ என்ற காரணத்தைப் பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளில் சேர்த்தது. அதை எதிர்த்தும் ஆதரித்தும் நாடாளுமன்றத்தில் நாள்கணக்கில் விவாதம் நடந்தது. திருத்தம் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். உத்தரவு வெளிச்சத்தில் இருந்தது, தீர்ப்பு வெளிச்சத்தில் இருந்தது, தீர்ப்பை மீறிச்செல்லும் முயற்சியும் வெளிச்சத்தில் நடந்தது. இணையக் காலத்தில் நாம் இழந்தது இதைத்தான்.

தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அச்சுக் காலத்துக்கும் இணையக் காலத்துக்கும் இடைக்கண்ணி எனலாம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அவ்வழக்கில், ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில் உத்தரவு வேண்டும், மறு ஆய்வுக் குழு ஒன்று அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரையறுத்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் உத்தரவு போடுவதும் அதை ஆய்வதும் அதிகாரிகளே. மூன்றாவது கண் எதுவும் இல்லை. ஒட்டுக்கேட்பில் ரகசியம் ஓரளவு தவிர்க்க முடியாதது. அந்த அமைப்பை அப்படியே எடுத்து, ஊரறிய நடக்கும் இணைய முடக்கத்துக்குப் பொருத்தியது பின்னாளில் நேர்ந்த பிழை.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 2000-இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் பெரும்பாலும் மின்வணிகத்தையும் மின்கையொப்பத்தையும் பற்றியது. மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத 2008 டிசம்பரில், மக்களவையின் கூச்சலுக்கு நடுவே, விவாதமின்றி அதன் திருத்தம் நிறைவேறியது. அதில் புதிதாக நுழைந்த பிரிவுகளில் இரண்டு இங்கே முக்கியம். 66-ஏ, புண்படுத்தும் செய்தியை இணையத்தில் அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. 69-ஏ, இணையதளங்களை முடக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது.

முதல் பிரிவின் கொடுமை எல்லோருக்கும் தெரிந்தது. காரணம், அது மனிதர்களைக் கைது செய்தது. 2012-இல் கொல்கத்தாவில் கேலிச்சித்திரத்தைப் பகிர்ந்த பேராசிரியர், புதுச்சேரியில் மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட தொழில்முனைவோர், பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை அடைக்கப்பட்டதை ஃபேஸ்புக்கில் கேள்வி கேட்ட பால்கர் இளம்பெண்கள் இருவர் என்று வரிசை நீண்டது. சட்ட மாணவி ஸ்ரேயா சிங்கல் தொடுத்த வழக்கில் 2015 மார்ச் 24 அன்று நீதிபதிகள் செலமேஸ்வர், நாரிமன் அமர்வு 66-ஏ பிரிவை முழுவதுமாக ரத்து செய்தது. நாடே கொண்டாடியது. ரத்தான பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் வழக்குப் பதிந்துகொண்டிருந்ததும், 2021-இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்ததும் தனிக் கதை.

அதே தீர்ப்பு 69-ஏ பிரிவைச் செல்லும் என்று ஏற்றது. கொண்டாட்டத்தில் இந்தப் பாதி அதிகம் பேசப்படவில்லை. நீதிமன்றத்தின் தர்க்கம் இது: முடக்குவதற்கான காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், குழு ஆராய வேண்டும், எழுதியவருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன, காரணம் எழுத்தில் இருப்பதால் அதை எதிர்த்து நீதிமன்றத்துக்கு வர முடியும். படிக்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 2009-ஆம் ஆண்டின் அதே விதிகளில் பதினாறாம் விதி, முடக்கம் தொடர்பான கோரிக்கையும் நடவடிக்கையும் கண்டிப்பான ரகசியம் என்கிறது. எழுதி வைத்த காரணத்தைப் பார்க்கவே முடியாதவர் எதை எதிர்த்து வழக்குப் போடுவார்? வரதட்சணைக் கொடுமையைப் பகடி செய்ய உருவாக்கப்பட்ட ஒரு தளம் 2018-இல் முடக்கப்பட்டது. உத்தரவின் நகலைக் கொடுத்து உரிமையாளரின் தரப்பைக் கேட்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதத்தில். ஒரு தாளைக் கண்ணால் பார்ப்பதற்கு நான்காண்டு.

வெளிப்படையாக நடந்தால் இந்த நாட்டில் தொழில்நுட்பக் கொள்கை எப்படி வகுக்கப்படும் என்பதற்கும் இதே காலத்திலேயே சான்று உண்டு. 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையச் சமநிலை பற்றி ஓர் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. சில செயலிகளை மட்டும் இலவசமாகவும் வேகமாகவும் தரலாமா என்பது கேள்வி. தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த அந்த அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் பதிலாக வந்தன. ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டத்துக்காகச் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. எதிர்த்தவர்கள் தெருவிலும் இணையத்திலும் வாதாடினார்கள். இரு தரப்பின் வாதங்களும் ஆணையத்தின் தளத்தில் எவரும் படிக்கும்படி கிடந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாடான தரவுக் கட்டணங்களுக்கு டிராய் தடை விதித்தது. உலகப் பெருநிறுவனம் ஒன்றை எதிர்த்துச் சாதாரணப் பயனர்கள் வென்ற அரிய நிகழ்வு அது. கேள்வியும் பதிலும் எல்லோர் கண்முன்னும் இருந்ததால்தான் அது நடந்தது.

இணைய முடக்கத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகங்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவைப் பயன்படுத்தின. 2015-இல் பட்டேல் இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தின்போது குஜராத்தில் போடப்பட்ட தடையை அம்மாநில உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2017 ஆகஸ்டில், ஆலோசனை அறிக்கையோ பொது விவாதமோ இல்லாமல், தந்திச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்பு இடைநிறுத்த விதிகள் அறிவிக்கப்பட்டன. உள்துறைச் செயலர் உத்தரவிடுவார். அதிகாரிகள் குழு ஐந்து வேலை நாளுக்குள் ஆராயும். உத்தரவை வெளியிட வேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த ஆண்டே தமிழ்நாடு அதன் பொருளை உணர்ந்தது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை சுட்டது. துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தியைத் தடுக்க என்றது அரசு. தங்கள் ஊரில் என்ன நடந்தது என்று மக்கள் உலகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்த நாள்கள் அவை.

வதந்தி பொய்யான அச்சம் அல்ல. அதே மே மாதத் தொடக்கத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று வாட்ஸப்பில் பரவிய பொய்யால் அடித்துக் கொல்லப்பட்டார். 2012 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து வடகிழக்கு மாநில மக்கள் ஆயிரக்கணக்கில் ரயிலேறி ஓடியதும் வதந்தியால்தான். ஆனால் இந்த இரண்டுக்கும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைப் பாருங்கள். 2012-இல் மொத்தக் குறுஞ்செய்திகளுக்கு வரம்பு விதித்தார்கள். 2018 ஜூலையில் வாட்ஸப் ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. குறைகள் இருந்தாலும் அளவறிந்து செய்தவை. மாவட்டத்தின் இணையத்தை முழுதாக அணைத்தால் வதந்தியோடு மறுப்பும் சேர்ந்தே அணைகிறது.

காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 4 இரவு தொடங்கிய முடக்கம், இந்தப் பழக்கத்தின் உச்சம். ‘காஷ்மீர் டைம்ஸ்’ இதழின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் உச்ச நீதிமன்றம் சென்றார். விசாரணையில் முதலில் எழுந்த சிக்கலே உத்தரவுகள்தான்: அரசு அனைத்தையும் தாக்கல் செய்யவில்லை, மாதிரிக்குச் சிலவற்றைக் கொடுத்தது. 2020 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பு, இணையவழிப் பேச்சுக்கும் தொழிலுக்கும் அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு, காலவரையற்ற முடக்கம் கூடாது, உத்தரவுகளை வெளியிட்டே ஆகவேண்டும் என்றது. கொள்கையளவில் இது பெரிய வெற்றி. காஷ்மீரில் அன்று இணையம் திரும்பவில்லை. நான்காம் தலைமுறைச் சேவை வந்தது 2021 பிப்ரவரியில். தீர்ப்பு சொன்ன வெளியீட்டு நிபந்தனையையும் பல மாநிலங்கள் காதில் வாங்கவில்லை. 2021 டிசம்பரில் சசி தரூர் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்தபோது, எத்தனை முடக்கங்கள் நடந்தன என்ற பதிவே மத்திய அரசிடம் இல்லை என்று தெரிந்தது. தேர்வில் காப்பியடிப்பதைத் தடுக்கக்கூட ராஜஸ்தானில் இணையம் நிறுத்தப்பட்ட ஆண்டு அது. எண்ணிக்கையை வெளி அமைப்புகளே திரட்ட வேண்டியிருந்தது: ‘ஆக்செஸ் நவ்’ கணக்குப்படி 2023-இல் இந்தியாவில் 116 முடக்கங்கள், உலகிலேயே அதிகம்.

2023 டிசம்பரில், எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பெரும் எண்ணிக்கையில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த கூட்டத்தொடரில், புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இரண்டே நாளில் இரு அவைகளையும் கடந்தது. 1885-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது. முடக்கும் அதிகாரம் இருபதாம் பிரிவாக வந்து அமர்ந்தது. 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், உத்தரவை வெளியிட வேண்டும், காரணமும் இடமும் காலமும் அதில் இருக்க வேண்டும், பதினைந்து நாளைத் தாண்டக் கூடாது என்கின்றன. அனுராதா பாசின் வழக்கில் கிடைத்தது ஒருவழியாக விதியாகிவிட்டது. மறு ஆய்வுக் குழுவில் மட்டும் இன்றும் அதிகாரிகளே இருக்கிறார்கள்.

இணையதள முடக்கத்துக்கு அந்த அளவு வெளிச்சமும் எட்டவில்லை. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு நாடு கடத்தியதையொட்டி, பிரதமர் விலங்குடன் டிரம்ப் அருகில் அமர்ந்திருப்பதாக ‘விகடன் பிளஸ்’ வெளியிட்ட கேலிச்சித்திரத்துக்குப் பிறகு, 2025 பிப்ரவரி நடுவில் விகடன் தளம் முழுவதும் பல வாசகர்களுக்குத் திறக்காமல் போனது. ஒரு படத்துக்காக, கோடிக்கணக்கான சொற்கள் கொண்ட தளம். மார்ச் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம், சர்ச்சைக்குரிய பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என இடைக்கால உத்தரவிட்டது. 1950-இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ ஆசிரியரின் கையில் அரசிதழ் இருந்தது. விகடனின் வாசகர்களுக்கு முதலில் தெரிந்தது, பக்கம் வரவில்லை என்பது மட்டுமே.

அதே மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தில் 2009-ஆம் ஆண்டின் முடக்க விதிகளை எதிர்க்கும் மனு ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டு, மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. மனுவின் கோரிக்கை சிறியது. பதிவை எழுதியவர் யார் என்று அடையாளம் தெரிந்திருக்கும்போது, முடக்குவதற்கு முன் அவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 66-ஏ பிரிவை வீழ்த்திய 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, 69-ஏ பிரிவைக் காப்பாற்றியது அந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பித்தான்.